போரும் போரும் சேர்ந்தால் ஹெட்விக்

குழந்தைகளுக்கான ஜெர்மன் பெயர்களைப் பொருளோடு தரும் பட்டியல் எது கண்ணில் பட்டாலும், ஹெட்விக் என்ற பெண்பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பழைய ஜெர்மன் மொழியில் ‘ஹாது’ என்றாலும் போர், ‘விக்’ என்றாலும் போர். ‘போர்ப்போர்’ என்று எழுதக் கூச்சப்படும் பட்டியல்காரர்கள், ‘போர்க்களத்து வீராங்கனை’ என்பதுபோல் ஏதாவது ஒன்றைத் தாமே கட்டி நிரப்பிவிடுகிறார்கள்.

பழைய ஜெர்மானியப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு சொற்களை ஒட்டி ஆனவை. தலைக்கவசத்தைக் குறிக்கும் ஹெல்ம், ஈட்டியைக் குறிக்கும் கெர், அமைதியைக் குறிக்கும் ஃப்ரிட், போரைக் குறிக்கும் ஹில்ட், குண்ட் என்று ஓர் அளவான சொற்கையிருப்பு அவர்களிடம் இருந்தது. அதிலிருந்து இரண்டை எடுத்துச் சேர்த்தார்கள். வில்ஹெல்ம் என்பதை மனவுறுதியும் கவசமும் என்றோ, ஃப்ரீட்ரிக் என்பதை அமைதியால் ஆள்பவன் என்றோ அழகாக விரித்துவிடலாம். ஆனால் 597-இல் இறந்த பிராங்கிய அரசி ஃப்ரெடெகுண்டின் பெயரில் அமைதியும் போரும் அடுத்தடுத்து நிற்கின்றனவே, அதை எப்படி விரிப்பது? அந்தப் பெயர்கள் ஒரு வாக்கியம்போலப் படிப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல என்பதே என் எண்ணம். தந்தையின் பெயரில் ஒரு பாதியையோ, தாய்வழிப் பாட்டியின் பெயரில் ஒரு பாதியையோ குழந்தைக்குக் கொடுப்பதன் மூலம், அது யாருடைய குழந்தை என்பதை ஊருக்குச் சொன்னார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் எஞ்சியிருக்கும் ஹில்டெபிராண்ட் பாடலில் பாட்டன் ஹெரிபிராண்ட், தந்தை ஹில்டெபிராண்ட், மகன் ஹாதுபிராண்ட். மூன்று தலைமுறைக்கும் முதலொலி ஒன்று, ஈற்றுச்சொல்லும் ஒன்று. (பெயரன் என்ற சொல்லையே பேரனாக்கி வைத்திருக்கும் நமக்கு இது புரியாததல்ல.)

இடைக்காலத்தின் பிற்பகுதியில் புனிதர்களின் பெயர்கள் பெருகியபோது எபிரேய, கிரேக்க, லத்தீன் பெயர்கள் வந்து குவிந்தன. ஜெர்மானியர்கள் அவற்றை வாங்கிய வேகத்தில் தேய்த்தும் விட்டார்கள். யோஹான்னெஸ் முன்பகுதி உதிர்ந்து ஹான்ஸ் ஆனது. நிகோலாவுஸ் கிளவுஸ் ஆனது. முத்து என்று பொருள்படும் மார்கரேட்டே கிரேட்டே ஆனது. இன்று ஹான்ஸைவிட ஜெர்மன்தன்மை மிகுந்த பெயரைப் பலருக்குச் சொல்லத் தெரியாது. அதன் வேரோ எபிரேயம்.

இந்த அடுக்குகள் அனைத்தும் ஒரே நாளில் நம் கரைக்கும் வந்திருக்கின்றன. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்த டேனியக் கப்பலில் இருந்த இரண்டு ஜெர்மன் மறைப்பணியாளர்களில் ஹைன்ரிக் புளூட்சாவின் பெயர் வீட்டையும் ஆட்சியையும் இணைத்த பழைய ஜெர்மானியப் பெயர். பார்த்தலோமேயு சீகன்பால்குவின் பெயர் அரமேயத்தில் ‘தால்மாயின் மகன்’. கப்பலின் பெயர் சோஃபியா ஹெட்விக்: பாதி கிரேக்கத்து ஞானம், மீதி நம் ‘போர்ப்போர்’.

பொருளை அப்படியே படிக்கத்தக்க பெயர்கள் ஜெர்மனில் இல்லாமலும் இல்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பக்தி மிகுந்த சீர்திருத்தத் திருச்சபைக் குடும்பங்கள் ட்ரவுகோட், ஃபியூர்ஷ்டெகோட் என்றெல்லாம் பெயர் வைத்தன. ‘கடவுளை நம்பு’, ‘கடவுளுக்கு அஞ்சு’ என்ற கட்டளைகளே அவை. வாழ்நாள் முழுவதும் தன் பெயராலேயே அறிவுரை கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குச் சற்று இரக்கமாகத்தான் இருக்கிறது.

பெயரைக் கேட்டதும் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்பது ஜெர்மன் பதிவு அலுவலகங்களில் நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது. இந்திய வேர்கள் கொண்ட ஒரு குடும்பம் தன் மகளுக்கு ‘கிரண்’ என்று பெயரிட்டபோது, அது ஆணுக்கும் பொருந்தும் பெயர் என்று மறுக்கப்பட்டது. வழக்கு கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்றது; ஒரே பெயர் பாலைக் காட்டியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கோரவில்லை என 2008 டிசம்பரில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய பெயர்களில் ஈற்றுச்சொல்லே பாலைக் காட்டியது என்று சொல்வார்கள். ஹில்ட், ட்ரூட் என்று முடிந்தால் பெண், பிராண்ட், ஹெல்ம் என்று முடிந்தால் ஆண். ஆனால் லுட்விக் ஆண், ஹெட்விக் பெண். இரண்டும் முடிவதோ அதே ‘விக்’கில்தான்.