பழைய லீ-என்ஃபீல்டும் தட்டை முனைக் குண்டும்

வடக்கு ஒன்டாரியோவின் காடுகளில் இலையுதிர் காலத்து மான் வேட்டைக்குச் செல்பவர்களிடம் இன்றும் பிரிட்டிஷ் படைகளின் பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிளைக் காண முடிகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய படைத் துப்பாக்கிகள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டபோது, அவற்றை வாங்கிய பலர் முன்பக்கத்து மரச்சட்டத்தை அறுத்துக் குறைத்து வேட்டைக்கு ஏற்றதாக்கிக் கொண்டார்கள். நான் வைத்திருப்பது மிசிசாகாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் போர்க்காலத்தில் உருவான நான்காம் எண் மாதிரி. அந்த ஆலையில் எஞ்சியிருக்கும் ஆய்வுக் கட்டடம் இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடமாக இருக்கிறது.

இந்த ரைஃபிளில் இப்போது நான் பயன்படுத்துவது கடையில் விற்கும் கூர்முனைத் தோட்டாக்களை அல்ல. ஏறத்தாழ 200 கிரெயின் (சுமார் 13 கிராம்) எடையில், முனை தட்டையாக இருக்கும்படி ஈயத்தில் வார்த்த குண்டுகளையே. இது பழமை மீதுள்ள பற்றினால் செய்வது என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த .303 அங்குலத் துளை ரைஃபிள் வகை பிறந்ததே கனமான, மெதுவான குண்டுக்காகத்தான். 1888-இல் லீ-என்ஃபீல்டின் முன்னோடியான லீ-மெட்ஃபோர்டு வந்தபோது அதன் குண்டு 215 கிரெயின் எடையும் உருண்டை முனையும் கொண்டிருந்தது. வெடிமருந்து கரும்பொடியிலிருந்து கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்துக்கு மாறிய பிறகும் அந்த எடை மாறவில்லை. 174 கிரெயின் கூர்முனைக் குண்டு, அதாவது ஏழாம் மார்க், 1910-இல்தான் வந்தது. அதற்குள் குழலின் உட்சுரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளம், 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என நிலைபெற்றுவிட்டது. தோட்டா அறைக்கு முன்னால் நீண்ட குண்டு தங்குவதற்கான இடமும் தாராளமாகவே விடப்பட்டிருந்தது. குட்டையான இலகு குண்டு அந்த இடைவெளியைத் தாவிக் கடந்துதான் சுரியைப் பிடிக்க வேண்டும். நீண்ட குண்டோ தொடக்கத்திலேயே நேராகச் சுரியில் அமர்ந்துகொள்கிறது.

முனையின் வடிவம் பற்றிய கவலை இந்தத் துப்பாக்கியின் வரலாற்றில் புதிதல்ல, அதற்கு இந்தியத் தொடர்பும் உண்டு. 1895-ஆம் ஆண்டுச் சித்ரால் படையெடுப்பில், முழுவதும் உலோக உறையிட்ட உருண்டை முனைக் குண்டுகள் எதிரியைத் தடுத்து நிறுத்தவில்லை என்று பிரிட்டிஷ் படையினர் குறைகூறினர். அதன் விளைவாகக் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கல ஆலையில், உறையின் நுனியைச் சிறிது திறந்து ஈயம் வெளியே தெரியுமாறு செய்த குண்டுகள் உருவாயின. உடலுக்குள் விரியும் இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் கூறியது. எனவேதான் படைத் தோட்டாக்கள் இன்றுவரை முழு உறையுடன் வருகின்றன. வேட்டையில் நிலைமை நேர்மாறானது. முழு உறைக் குண்டு ஊசிபோல் ஊடுருவி விலங்கைக் காயத்தோடு ஓடவிடும் என்பதால் பல நாடுகளின் வேட்டைச் சட்டங்கள் அதை அனுமதிப்பதில்லை. படைக்கு ஆகாதது வேட்டைக்கு வேண்டியதாகவும், வேட்டைக்கு ஆகாதது படைக்கு உரியதாகவும் இருப்பது விசித்திரந்தான்.

தட்டை முனை, டம்டம் குண்டு விரிந்து செய்த வேலையை விரியாமலேயே ஓரளவு செய்கிறது. உருண்டை முனை தசையை மெல்ல விலக்கிக்கொண்டு நழுவிச் செல்கிறது. தட்டையான முகமோ எதிரே உள்ளதைச் சட்டென்று பக்கவாட்டில் தள்ளுவதால், குண்டின் குறுக்களவைவிட அகலமான காயம் உண்டாகிறது. குண்டின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்காவது முகம் அகலமாக இருந்தால்தான் இந்த விளைவு தெளிவாகத் தெரியும் என்பது என் அனுபவம். இன்னொரு நன்மை, பாதை வளையாமல் இருப்பது. ஏழாம் மார்க் குண்டின் நுனிக்குள் அலுமினியம் போன்ற இலகுவான பொருளை வைத்து எடையைப் பின்பக்கம் தள்ளியிருந்தார்கள். அதனால் அது உடலில் பட்டதும் எளிதில் புரண்டுவிடும். தட்டை முனைக் குண்டின் எடை முன்பக்கத்திலும் போதிய அளவு இருப்பதால் அது நேராகவே செல்கிறது. 450 கிலோ எடையுள்ள மூஸ் என்னும் பெரிய மான் சற்றே திரும்பி நிற்கும்போது, தோள்பட்டையிலிருந்து நெஞ்சுக்குள் சென்று சேர வேண்டிய குண்டுக்கு இதைவிடத் தேவையான பண்பு வேறில்லை. யானைக்கும் காட்டெருமைக்கும் செய்யப்படும் திண்மக் குண்டுகள்கூட அண்மைக் காலத்தில் உருண்டை முனையிலிருந்து தட்டை முனைக்கு மாறிவருவதற்கும் இதுவே காரணம்.

வார்ப்பதில் முதன்மையானது விட்டம். கடைக் குண்டுகள் 0.311 அல்லது 0.312 அங்குலம் இருக்கும். ஆனால் போர்க்கால அவசரத்தில் துளைத்த குழல்களின் பள்ள அளவு 0.316 வரைகூடச் செல்வதுண்டு. குண்டு சிறிதானால் சூடான வாயு அதைச் சுற்றிக் கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலில் அப்பிவிடும். ஆகவே மென்மையான ஈயத் துண்டு ஒன்றை எண்ணெயிட்ட குழல் வழியாகத் தட்டிச் செலுத்தி, மைக்ரோமீட்டரால் அளந்து, அதைவிட ஓரிரு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாகக் குண்டை அமைத்துக்கொள்ள வேண்டும். என் குழலில் இரண்டே பள்ளங்கள் எதிரெதிராக இருப்பதால் அளப்பது எளிது. ஐந்து பள்ளம் கொண்ட பழைய குழல்களில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எதிரே மேடு வருவதால் சாதாரண மைக்ரோமீட்டர் சரியான அளவைத் தராது.

கலவையில் கடினம் கூடினால் நல்லது என்று நினைப்பவர்கள் பலர். பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகத்தில், ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி 12 விழுக்காடு உண்டு; அது அழகாக வார்ப்பாகும், ஆனால் எலும்பில் பட்டால் நொறுங்கக்கூடும். எனவே ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 என்ற நடுத்தரக் கலவையையே நான் விரும்புகிறேன். குண்டின் அடியில் ஒரு சிறு செம்புத் தொப்பியைப் பொருத்தினால் வினாடிக்கு 1,800 அல்லது 1,900 அடி வேகத்தைத் தாங்கும். மருந்தின் அளவை, ஈயக் குண்டுக்கென அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். இந்த மிதமான அழுத்தம் துப்பாக்கிக்கும் நல்லது: லீ-என்ஃபீல்டின் போல்ட், அதாவது தோட்டா அறையை அடைக்கும் தண்டு, பின்புறத்தில் பூட்டுவதால் அழுத்தத்தில் சிறிது நெகிழும், பித்தளைக் கூடும் அதனுடன் நீண்டு விரைவில் அறுந்துபோகும். மென்மையாகச் சுட்டால் அதே கூட்டைப் பலமுறை நிரப்பலாம்.

தொல்லை தருவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின்தான். அகன்ற முகத்தின் விளிம்பு சில வேளைகளில் குழலின் பின்விளிம்பில் முட்டி நின்றுவிடும். குண்டைச் சற்று ஆழமாகப் பதிப்பதும், தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேகசினின் மேல் உதடுகளை மிகச் சிறிதளவு சரிசெய்வதும் பெரும்பாலும் போதும். அதற்கும் மசியாத துப்பாக்கிக்கு முனை விளிம்பு சற்று உருண்ட வார்ப்பு அச்சைத் தேர்ந்தெடுப்பதே வழி.

தொலைவில் இந்தக் குண்டு கூர்முனைக்கு ஈடாகாது. தட்டை முகம் காற்றில் வேகத்தை விரைவாக இழப்பதால், 150 கெஜத்துக்கு அப்பால் நான் சுடுவதில்லை. அடர்ந்த காட்டில் அதற்கு வாய்ப்பும் குறைவு. பின் பார்வைத் துளை ஏழாம் மார்க்கின் வேகத்துக்கு அளவிடப்பட்டது என்பதால், அதன் ஏணி போன்ற சட்டத்தில் உள்ள தொலைவு எண்கள் இந்தக் குண்டுக்குப் பொருந்தா. பருவம் தொடங்குமுன் 50, 100, 150 கெஜங்களில் காகிதத்தில் சுட்டுப் பார்த்து, எந்தக் கோட்டில் எங்கே படுகிறது என்று குறித்துக்கொள்கிறேன். கூர்முனைத் தோட்டாக்களை அதே பையில் கலந்து வைப்பதும் இல்லை.