பரிவட்டம் கட்டிக்கிட்டவங்க

போன தேர்தல் சமயத்துல ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவக் கூட்டிட்டு எங்க ஏரியா அம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். சின்ன கோயில்தான், ஆனா வெள்ளிக்கிழமைன்னா கூட்டம் தெரு வரைக்கும் நிக்கும். அரை மணி நேரம் க்யூல நின்னு சந்நிதி கிட்ட வந்தப்போ குறுக்க கயிறக் கட்டி நிறுத்திட்டாங்க, யாரோ வேட்பாளர் வர்றாராம். கட்சி பேர் சொல்லப்போறதில்ல, எல்லாக் கட்சியிலயும் இது நடக்குது. வந்தாரு, பரிவட்டம் கட்டினாங்க, மாலை போட்டாங்க, தீபாராதனை ஆச்சு. போட்டோ எடுக்கிற தம்பி "அண்ணே, தட்ட இன்னொரு வாட்டி தொட்டு ஒத்திக்கங்க"ன்னான், அவரும் இன்னொரு வாட்டி ஒத்திக்கிட்டாரு. எங்களுக்கு முன்னாடி கைக்குழந்தையோட ஒரு பொண்ணு, குழந்தை புழுக்கத்துல வீல்னு கத்துது, அம்மா முட்டிவலியோட தூணப் புடிச்சிட்டு நிக்கிறாங்க, அவரு திரும்பிக்கூட பாக்கல. அது என் மனசுல இருந்து போகவே மாட்டேங்குது.

நான் சாமி கும்பிடறவதான், அதனாலதான் இவ்ளோ வலிக்குது.

தினமும் மெட்ரோல அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கித்தான் வேலைக்குப் போறேன். பக்கத்துலயே ஓமந்தூரார் வளாகம், பன்னோக்கு மருத்துவமனை எல்லாம் இருக்கு, "ஓமந்தூரார் ஆஸ்பத்திரி எங்கக்கா?"ன்னு தினம் யாராவது கேப்பாங்க, வழி சொல்லுவேன், ஆனா அவர் யாருன்னு ரொம்ப நாள் எனக்கே தெரியாது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1947ல இருந்து 1949 வரைக்கும் சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சர், சுதந்திரம் வந்தப்போ அந்த நாற்காலில இருந்தவர் அவர்தான். பழுத்த ஆன்மிகவாதி, வள்ளலார் மேல அப்படி ஒரு பக்தி, பின்னாடி வடலூர்லயே போய் தங்கி பள்ளிக்கூடம் அது இதுன்னு அந்த வழியிலயே வாழ்ந்தவர். இப்போ அவர் ஆட்சில என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1947ல கோயில் நுழைவுச் சட்டம், அதே வருஷம் தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம். பொட்டு கட்டறதுங்கிறது சாமி பேர சொல்லி பொம்பளப் புள்ளைங்கள கோயிலுக்கு நேர்ந்து விடறது, அத நிறுத்தணும்னு முத்துலட்சுமி ரெட்டி எத்தனையோ வருஷமா போராடினாங்க, கடைசில சட்டமா ஆனது இந்த பக்திமான் காலத்துலதான். சாமி பேர சொல்லி நடக்கிற தப்ப நிறுத்த அவர் பக்தி அவருக்குத் தடையா இருக்கல. பக்தி ஒரு தலைவர்கிட்ட செய்யவேண்டிய வேல இதுதான்னு நான் நெனைக்கிறேன், அடுத்தவன மிரட்டறதுக்கு இல்ல, தன் கையத் தானே புடிச்சு நிறுத்தறதுக்கு.

சாமி இல்லன்னவங்க மட்டும்தான் யோக்கியம்னு சொல்ல வரல, கும்பிடறவங்க மட்டும்தான் யோக்கியம்னும் சொல்ல வரல. கடவுள் இல்லன்னு ஊர் ஊரா பேசின பெரியாரே ஈரோட்டுல தேவஸ்தான கமிட்டித் தலைவரா இருந்தவர்தான். வாலாஜா பள்ளிவாசல்ல அடக்கமாகியிருக்கிற காயிதே மில்லத் முஸ்லிம் லீக் தலைவர், அரசியல் நிர்ணய சபைல எந்திரிச்சு நின்னு தமிழுக்காகப் பேசினவர். இவங்க யாரும் மத்த மதத்துக்காரன எதிரியாக் காட்டி பொழப்பு நடத்தல.

சட்டமும் இருக்கு. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 123வது பிரிவு, மதத்த சொல்லி ஓட்டு கேட்டா அது முறைகேடு, ஜெயிச்சது செல்லாமலே போகலாம். 2017 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு ஏழு நீதிபதிங்க பெஞ்ச், நாலுக்கு மூணுன்னு, வேட்பாளரோட மதம் மட்டும் இல்ல, ஓட்டு போடறவங்க மதத்த சொல்லிக் கேட்டாலும் தப்புதான்னு சொல்லிடுச்சு. ஆனா பரிவட்டத்தோட ஒரு போட்டோ, மறுநாள் குல்லா போட்டு நோன்புக் கஞ்சி குடிக்கிற போட்டோ, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல மெழுகுவர்த்தி, இதுல எல்லாம் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கவே வேணாமே. அத எந்த கோர்ட்டு புடிக்கும்? நாமதான் புடிக்கணும்.

அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சுட்டு அந்த வேட்பாளரோட பிரமாணப் பத்திரத்த போன்ல எறக்கினேன். 2002ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுக்கப்புறம்தான் வழக்கு, சொத்து, கடன், படிப்புன்னு எல்லாத்தையும் வேட்பாளர் வெளிப்படையா எழுதிக் குடுக்கணும்னு ஆச்சு, தேர்தல் கமிஷன் சைட்டுல யாரு வேணா பாக்கலாம். அம்மாவுக்கு எழுத்து சின்னதா இருக்குன்னு நானே படிச்சுக் காட்டினேன். ரெண்டு வழக்கு நிலுவைல இருந்துச்சு, ஒண்ணு வீட்டக் காலி பண்ண சொல்லி மிரட்டினதா. வழக்கு இருக்குன்னா தப்பு செஞ்சவர்னு ஆகிடாது, அதையும் அம்மாகிட்ட சொன்னேன். ஆனா அம்மா அங்கயே நின்னுட்டாங்க.

"யார மிரட்டினாராம்?"

"அது இதுல இல்லம்மா."

கொஞ்ச நேரம் பேசல. "அந்தக் குழந்த எப்படி அழுதுச்சு பாத்தியா"ன்னாங்க. அப்புறம் மேசை மேல இருந்த கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு, "எதுத்து நிக்கிறாரே, அவரோடதையும் எடு, அதையும் பாத்துடலாம்"னு பக்கத்துல நகந்து உக்காந்தாங்க.