சஃபெத் மலையில் ஒரு வெள்ளி மாலை

இஸ்ரேலின் மேல் கலிலேயாவில் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சஃபெத். ஜெருசலேம், ஹெப்ரோன், திபேரியாவோடு சேர்த்து யூதர்கள் புனிதமாகப் போற்றும் நான்கு நகரங்களில் இதுவும் ஒன்று. அங்கே போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வெள்ளி மாலையில் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குவதால், பொழுது சாய்வதற்கு முன்பே பஸ்கள் நின்றுவிடும், கடைகளையும் அடைத்துவிடுவார்கள். நானும் கணவரும் பைகளைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு, பழைய நகரின் படிக்கட்டுச் சந்துகளில் இறங்கி நடந்தோம்.

உலகத்தில் எந்த மூலையில் யூதர்கள் வெள்ளி மாலை கூடினாலும், ஓய்வுநாளை ஒரு மணப்பெண்ணாக எண்ணி வரவேற்றுப் பாடுகிறார்கள். ‘லெகா தோதி’ என்ற அந்தப் பாடல் பிறந்த ஊர் சஃபெத். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தொன்மை கொண்ட வழிபாட்டில் இந்தப் பகுதிக்கு வயது 500கூட ஆகவில்லை. பழைய நெறி ஒன்று தன்னைப் புதுப்பித்துக்கொண்ட இடத்தில் நின்று தொழ வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அன்று மாலை, அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய யூத மரபினரின் ‘ஆரி’ ஜெப ஆலயத்துக்குப் போனோம். பெண்களுக்குத் தனி இடம். 1837ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்து, பிறகு எழுப்பப்பட்ட கட்டடம் இது. 1948 போரில் குண்டுச் சிதறல் துளைத்த ஓட்டை நடுமேடையில் இன்னும் இருக்கிறது. பக்தர்கள் தங்கள் வேண்டுதல்களைச் சீட்டில் எழுதி அதில் செருகி வைக்கிறார்கள். ‘ஆரி’ என்று அழைக்கப்பட்ட 16ஆம் நூற்றாண்டு மறைஞானியான ரப்பி (யூத மதகுரு) ஐசக் லூரியாவும் சீடர்களும் வெள்ளி மாலைகளில் ஓய்வுநாளை எதிர்கொள்ளப் புறப்பட்டுவந்த வெளி இதுதான் என்பது மரபு.

முதலில் வேதாகமத்தின் சங்கீதப் பாடல்கள். பிறகு அந்தப் பாடல். மெதுவாகத் தொடங்கி, பாதியில் மெட்டு மாறி, வேகம் பிடித்தது. கடைசிச் சரணத்தில் அத்தனை பேரும் வாசல் பக்கம் திரும்பி, வருகிறவளுக்குத் தலை வணங்கினார்கள். மொழி தெரியாத எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கைகூப்பி நின்றேன்.

இதை எழுதியவர் ரப்பி ஷ்லோமோ அல்கபெட்ஸ். சரணங்களின் முதல் எழுத்துகளில் தம் பெயரைப் பொதிந்து வைத்திருக்கிறார். கற்பனை முழுக்க அவருடையது என்று சொல்ல முடியாது. பழைய யூத சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதிலேயே ரப்பி ஹனினா நல்லாடை போர்த்திக்கொண்டு, ஓய்வுநாள் என்னும் அரசியை எதிர்கொள்ளப் போகலாம் வாருங்கள் என்று அழைக்கிறார். ரப்பி யன்னாய் ‘மணமகளே வா’ என்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஏட்டில் கிடந்த அந்த இரண்டு வரிகளைச் சஃபெத்தின் ஞானிகள் கால்நடையாக வயலுக்குக் கொண்டுபோய் நிஜமாக்கினார்கள். பாடலின் நடுச் சரணங்களைப் படித்தால் இன்னொன்றும் புரியும். அவை ஓய்வுநாளை விட்டுவிட்டு ஜெருசலேமிடம் பேசுகின்றன: கண்ணீர்ப் பள்ளத்தாக்கில் இருந்தது போதும், புழுதியை உதறி எழுந்திரு என்கின்றன. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வந்து நிறைந்த ஊரில் அந்த வரிகளை வேறு எப்படிப் பாடியிருப்பார்கள்? அதே நாடிழந்த மக்களின் வழிவந்தவர்களில் சிலர் கொச்சிக்கும் வந்தார்கள். அங்குள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது.

மறுநாள் ரப்பி யோசேப் காரோவின் ஜெப ஆலயம். யூத வாழ்க்கையின் அன்றாட விதிகளையெல்லாம் நான்கு பகுதிகளில் அடக்கிய ‘ஷுல்ஹான் ஆருக்’ நூலைத் தந்தவர் காரோ. 1565இல் வெனிஸில் அச்சாயிற்று. சிதறிப்போன சமூகங்கள் ஆளுக்கொரு வழக்கத்தோடு திண்டாடிய காலத்தில் அவர்களை ஒரு நெறியில் நிறுத்த முயன்றார். அது ஸ்பானிய மரபையே பெரிதும் தழுவியிருந்ததால், போலந்தின் ரப்பி மோசே இசர்லெஸ் தம் மக்களின் வழக்கங்களைக் குறிப்புகளாகச் சேர்த்தார். மறுப்புரையாகத் தனியே நிற்காமல் அந்தக் குறிப்புகள் மூலநூலுக்குள்ளேயே அச்சாகி வருகின்றன. மாறுபட்ட கருத்துக்கும் அதே பக்கத்தில் இடம் தந்ததால்தான் அந்த நூல் நிலைத்தது என்று நான் நம்புகிறேன்.

அதே ஊரில் ஒரு புதுப்பித்தல் தோற்றும் இருக்கிறது. மோசேயிடமிருந்து கைமாறி வந்ததாகக் கருதப்படும் ரப்பிப் பட்டத்தின் சங்கிலி பழங்காலத்திலேயே அறுந்துவிட்டது. 1538இல் ரப்பி யாக்கோப் பெராப் அதை மீண்டும் தொடங்க முனைந்தார். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளாகித் திரும்பி வந்தவர்களின் மனம் குற்ற உணர்வில் வெந்துகொண்டிருந்தது; அவர்களுக்குப் பிராயச்சித்தத் தண்டனை தர அந்தப் பட்டம் பெற்றவர்களின் நீதிமன்றம் வேண்டும். புனித பூமியின் அறிஞர்கள் ஒருமித்தால் பட்டத்தைத் திரும்பத் தொடங்கலாம் என்று இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதியிருந்ததைப் பற்றிக்கொண்டு, சஃபெத்தின் 25 ரப்பிகள் பெராபுக்குப் பட்டம் அளித்தார்கள். அவரிடம் பட்டம் பெற்றவர்களில் காரோவும் ஒருவர். ஜெருசலேமின் ரப்பி லெவி இபின் ஹபீப் கடுமையாக எதிர்த்தார். ஜெருசலேமின் ரப்பிகளைக் கலந்து பேசாமலே முடிவெடுக்கலாமா என்று கேட்டார். சில தலைமுறைகளுக்குள் அந்த முயற்சி நின்றுபோனது. பெராபின் கருணையை நினைத்தால் மனம் வலிக்கிறது. ஆனாலும் ஹபீப் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஞாயிறு காலை மலைச்சரிவிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்கு இறங்கினோம். வழியில் லூரியாவின் பெயரால் வழங்கும் ஊற்று. ஆண்கள் மட்டுமே மூழ்கலாம். கணவர் இறங்கி, குளிரில் நடுங்கியபடி, ஆனால் முகம் மலர்ந்து வந்தார்.

காரோ, அல்கபெட்ஸ், மறைஞானி கொர்தொவெரோ, லூரியா எல்லாரும் இந்தச் சரிவில்தான் உறங்குகிறார்கள். லூரியாவின் நீலம் பூசிய சமாதியில் கூட்டம் குறையவில்லை. 1570இல் இந்த ஊருக்கு வந்தவர், 1572இல் கொள்ளைநோயில் மறைந்தார், வயது 38. அவரே எழுதிவைத்தது மிகக் கொஞ்சம். ஹயீம் விடால் போன்ற சீடர்கள்தான் எழுதிக் காத்தார்கள். உலகத்துக்கு இடம் விட இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டான். ஒளியைத் தாங்க முடியாமல் கலங்கள் உடைந்தன. சிதறிய பொறிகளை மனிதர்கள் தங்கள் நற்செயல்களால் திரட்ட வேண்டும் என்பது அவர் போதனை. வீடிழந்தவர்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் சிதறியதற்கே ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னவர் அவர்.

நானும் ஒரு சிறு கல்லை எடுத்து அவர் சமாதியில் வைத்தேன். எங்கள் குடும்பத்தில் பேச்சற்றுப்போன இருவர் பெயரைச் சொல்லி, அவர்கள் மறுபடி ஒரே பந்தியில் அமர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.