இரண்டு பக்கமும் ஒரு வரியும்

செப்டம்பர் 4, வியாழன்

கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் பள்ளியில் படித்துக்கொண்டே, அதன் குருக்கள்மீது எழுந்த பாலியல் குற்றச்சாட்டுகளைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பில் சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆசிரியர் மட்டும் ஆதாரத்தோடு எழுதச் சொல்லி அனுமதித்தார். இன்று அமெரிக்காவின் பாஸ்டன் மறைமாவட்டத்தை (பேராயர் ஒருவரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதியை) பற்றிப் படித்தேன். குற்றம் சாட்டப்பட்ட குருக்கள் ஒரு பங்கிலிருந்து (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் வட்டத்திலிருந்து) இன்னொரு பங்குக்கு மாற்றப்பட்டதையும், போன இடத்து மக்களுக்குக் காரணம் சொல்லப்படாததையும் 2002-இல் அந்நகர நாளிதழ் ஒன்று ஆவணங்களோடு வெளிக்கொணர்ந்தது; அவ்வாண்டு டிசம்பரில் பேராயர் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். தனிமனிதர் தவறிழைப்பது எங்கும் உண்டு. விவரம் தெரிந்தவர்களே மாற்றல் உத்தரவில் கையெழுத்திட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

அமெரிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் நியூயார்க்கின் ஜான் ஜே குற்றவியல் கல்லூரி 2004-இல் அளித்த அறிக்கை, 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள்மீது குற்றச்சாட்டு எழுந்ததாகக் கூறுகிறது. அக்காலத்தில் பணியிலிருந்தவர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர். இது குற்றச்சாட்டுகளின் கணக்கே தவிரத் தீர்ப்புகளின் கணக்கன்று என்பதைக் கட்டுரையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். "அங்கி போட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று தோழி சொன்னதை இந்த எண்ணே மறுக்கிறது. ஆனால் "ஏதோ சிலர் செய்தது" என்று கடந்துபோகவும் முடியவில்லை. பிரான்சில் ஜான்-மார்க் சோவே தலைமையிலான ஆணையம், 1950 முதல் குருக்களாலும் துறவியராலும் பாதிக்கப்பட்ட சிறார் ஏறத்தாழ 2,16,000 பேர் இருக்கலாம் என்று 2021-இல் மதிப்பிட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவரைக் குற்றவாளி என்று அழைக்கக் கூடாது. விசாரணை முடியும் வரை அவரைச் சிறுவர்களிடமிருந்து விலக்கி வைப்பதற்கோ தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதாகப் பலர் ஏன் நினைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் சீருடைச் சோதனை. காலுறை தாழ்ந்திருந்த இருவர் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

நான் சீருடைக்கு எதிரியல்லன். வீட்டுப் பணநிலையை ஓரளவாவது மறைக்கிறது (கைக்கடிகாரமும் காலணியும் மிச்சத்தைச் சொல்லிவிடும் என்பது வேறு). ஆனால் ஒழுக்கத்தைச் சீருடை வளர்க்கிறது என்பதை அவ்வளவு எளிதில் ஏற்க மாட்டேன். 1998-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, சீருடையால் மாணவர் வருகையோ நடத்தையோ மேம்பட்டதாகக் காணவில்லை.

செப்டம்பர் 17, புதன்

கட்டுரைக்காகப் பள்ளிக் கையேட்டை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். சீருடைக்கு இரண்டு பக்கங்கள்: காலுறையின் உயரம், முடியின் நீளம், மேல் பொத்தான், மீறினால் முதல்முறை என்ன, மூன்றாம் முறை என்ன என்பது வரை எல்லாம் இருக்கின்றன. பெரியவர் ஒருவரின் நடத்தை குறித்து மாணவர் புகார் செய்வதற்கு ஒரே வரி: "முதல்வரிடம் தெரிவிக்கலாம்." எங்கள் முதல்வர் ஒரு குரு. அவர்மீது எனக்குத் துளியும் சந்தேகமில்லை, மதிப்பே உண்டு. எனினும் புகார் அவரைப் பற்றியோ, அவரோடு ஒரே இல்லத்தில் வாழும் இன்னொரு குருவைப் பற்றியோ இருந்தால் அந்த மாணவர் எந்தக் கதவைத் தட்டுவார்? எத்தனை நாளில் பதில் வரும்? பெற்றோருக்கு யார் சொல்வார்கள்? காலுறையைப் பற்றி இத்தனையையும் யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. எங்கள் உடையை நாள்தோறும் ஒருவர் சரிபார்க்கிறார். அங்கியோ, அணிந்தவரை யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தையே எங்களுக்குள் உண்டாக்கியிருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஆகஸ்டில் இறைமக்களுக்கு எழுதிய மடலில் குருத்துவ ஆதிக்க மனப்பான்மையைக் கண்டித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கட்டுரை முடிந்தது, அதிலிருந்து மாணவர் மன்றத்துக்கு ஒரு மனுவும் எழுதினேன். திருச்சபை தன் விதிகளை மாற்றாமலில்லை. இத்தகைய புகாரை அறியவரும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2019 மே மாதத்திலும், இவ்வழக்குகளுக்குத் திருப்பீட ரகசியம் (வத்திக்கானின் கடுமையான ரகசியக் காப்பு விதி) பொருந்தாது என்று அதே ஆண்டு டிசம்பரிலும் அறிவிக்கப்பட்டது. ஆனால் முதலாவது விதிப்படி புகார் போவது திருச்சபைக்குள்ளேயேதான். காவல்துறையிடம் செல்ல வேண்டுமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிட்டார்கள். ஆகவே பள்ளிக்கும் மறைமாவட்டத்துக்கும் வெளியேயுள்ள ஒருவரைப் புகார் பெறுபவராக நியமிக்க வேண்டும், அவருடைய தொடர்பு எண் சீருடை விதிகளுக்கு அருகிலேயே அச்சாக வேண்டும், புகார் செய்தவரை வகுப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். மாற்ற வேண்டியிருந்தால் குற்றம் சாட்டப்பட்டவரையே மாற்ற வேண்டும், அதுவும் இன்னொரு பள்ளிக்கு அன்று.

ஆசிரியர் படித்துவிட்டுக் கடைசி வாக்கியத்தை மென்மையாக்கச் சொன்னார். நான் அதை அப்படியே விட்டிருக்கிறேன்.