டிராகனில் சி3 பலி: ஒருவழியாகக் கைகூடியது

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுக்கான சிசிலியன் டிராகன் என்ற தொடக்க முறையில், சி3 கட்டத்தில் நிற்கும் வெள்ளைக் குதிரைக்காக என் யானையைப் பலி கொடுத்து ஐந்து ஆட்டம் தோற்றிருந்தேன். ஆறாவதை நேற்று ஜெயித்தேன்!

எதிராளி ஆடியது டிராகனுக்கு எதிரான யூகோஸ்லாவ் தாக்குதல் என்ற முறைதான். 11-ஆவது நகர்வில் அவர் பிஷப் பி3-க்கு வந்தாயிற்று. என் குதிரை இ5-இல், யானை சி8-இல். வழக்கமான எச்4-க்குப் பதில் அவர் 12-இலேயே பிஷப்பை எச்6-இல் வைத்தார். வெட்டினேன். ராணியால் திரும்ப வெட்டினார். அங்கேதான் யானையைச் சி3-இல் இறக்கினேன்.

முந்தைய ஐந்திலும் நான் செய்த பிழை இந்த இடத்தில்தான். வெள்ளை ராணி டி2-இல் இருக்கும்போதே கொடுத்துவிடுவேன். அவர்கள் ராணியாலேயே எடுப்பார்கள், பி2 சிப்பாய் அசையாது, ராஜாவின் வேலி அப்படியே நிற்கும். ராணி எச்6-க்குப் போனபின் கொடுத்தால் பி சிப்பாய்தான் எடுத்தாக வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. அந்தக் குதிரை டி5-க்கு வந்து என் எஃப்6 குதிரையைத் தூக்கினால்தான் எச்7-இல் மேட் விழும். குதிரையே இல்லையென்றால் எச்6 ராணி தனியாக என்ன செய்யும்?

1974-இல் மாஸ்கோவில் சோவியத் கிராண்ட்மாஸ்டர் கார்ப்போவ், வெள்ளைக் காய்களுடன், சக சோவியத் வீரர் கோர்ச்னோயின் டிராகனை 27 நகர்வில் வென்ற ஆட்டம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கார்ப்போவின் ராணியும் எச்6-இல்தான் நின்றது. ஆனால் இ2-இல் ஒரு குதிரை, 19-ஆவது நகர்வில் டி3-க்கு வந்த யானை என்று சி3-க்கு இரட்டைக் காவல் போட்டுவிட்டார். அந்த யானை நகர்வு அவ்வளவு அழகு!

என் ஆட்டத்தில் அடுத்து ராணி ஏ5. அவர் ராஜா பி2, நான் யானை சி8. சி3-ஐக் காக்க அவர் ராணி டி2-க்கே திரும்பியது. குதிரையைச் சி4-இல் வைத்துச் செக் சொன்னேன். ராஜாவுக்கும் ராணிக்கும் சேர்த்து. பிஷப் எடுத்தது, யானையால் மீட்டேன். 31-ஆவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார்.

வீட்டில் அலசுவதற்கு அமிர்தசரஸிலிருந்து சீஷம் மரக் காய்கள் வரவழைத்திருக்கிறேன். ராஜா மூன்றே முக்கால் அங்குலம், அடியில் நல்ல கனம். ஒரு குதிரையின் காது மட்டும் உடைந்து வந்தது. மாற்றித் தருவதாகச் சொன்னவர் மூன்று வாரமாகப் பதில் தரவில்லை. பணம் வாங்கிய கையோடு இப்படிச் செய்வது தப்பு.

அடுத்துப் பார்க்கப்போவது டிராகனிலேயே சோல்டிஸ் என்ற கிளை: 12-ஆவது நகர்வில் வெள்ளை எச்4 ஆடினால் எச்5 என்று பூட்டுவது. 1995 நியூயார்க் உலகச் சாம்பியன் போட்டியின் 11-ஆவது ஆட்டத்தில் ஆனந்துக்கு எதிராகக் காஸ்பரோவ் ஆடியது இதைத்தான். ஆனந்த் தோற்ற ஆட்டம் என்பதால் பல வருடம் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் இருந்தேன். வெள்ளை பிஷப் ஜி5-க்கு வந்தால் யானை சி5 என்பது வரை நோட்டில் எழுதியாயிற்று.

அதற்குமுன் நேற்றைய ஆட்டத்தில் ராஜா பி2-க்குப் பதில் பி1-க்குப் போயிருந்தால் சி3 சிப்பாயை உடனே வெட்டுவதா, முதலில் யானையைச் சி8-க்குக் கொண்டுவருவதா என்று பார்க்க வேண்டும். பலகையை அந்த நிலையிலேயே கலைக்காமல் வைத்திருக்கிறேன்.