மத்ராவில் படித்த தேங்காப்பட்டணம்

ஓமானின் தலைநகரான மஸ்கட்டுக்கு வேலைக்கு வரும் நர்ஸுகளிடம் ஊரில் எல்லோரும் கேட்பது சம்பளத்தையும் வெயிலையும் பற்றித்தான். வெயில் பழகிவிடும். சான்றிதழ்களுக்கு டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, நர்ஸ் லைசன்ஸுக்கு ப்ரோமெட்ரிக் பரீட்சை, ரெசிடென்ட் கார்டு எல்லாம் ஒருவழியாக முடிந்துவிடும். மரச்சீனிக் கிழங்குகூட மலையாளிக் கடைகளில் கிடைக்கிறது, சாளைக்கு மஸ்கட்டின் பழைய துறைமுகப் பகுதியான மத்ராவில் மீன் மார்க்கெட் இருக்கிறது. எனக்குப் பிடிபடாமல் நின்றது இந்த ஊரின் புதுசுதான். 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபிறகே இங்கே ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பெருகின. எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கட்டடம். இதற்கு முன்னால் இங்கே யார், எப்படி இருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்க ஒரு பிடிமானம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரானைப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்துக்கு மேற்கே. கிழக்கே அவருடைய தேங்காப்பட்டணம். பாலம் தாண்டினால் அவர் ஊர், ஆனால் கடல் தாண்டி வந்துதான் படித்தேன். 1944இல் பிறந்தவர், திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர், 2019இல் காலமானார்.

ஒரே கடற்கரையை வைத்து அவர் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்! 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஒரு முதலாளியின் அகம்பாவம், ஊருக்கு வரும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தைக் கண்டு அவருக்கு வரும் கோபம். 'துறைமுகம்' வியாபாரக் கதை. இங்கிருந்து கொழும்புக்குக் கருவாடு போகும், அங்கிருந்து விலை விழுந்துவிட்டது என்று கடிதம் வரும். தூரதேசத்துக் கணக்கை நம்பியே பிழைக்க வேண்டியவர்களின் பாடு கல்ஃபுக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவேண்டியதில்லை.

எனக்குள் தங்கியது 'சாய்வு நாற்காலி'. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மார்த்தாண்டவர்மா மகாராஜா காலத்து மூதாதையரின் பெருமையைச் சொல்லிக்கொண்டு முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்து கிடப்பார். வேலை கிடையாது. வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டும், அதற்கு வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக விலைபோகும். பெண்களை அடிக்க அந்த வீட்டில் தனியாக ஒரு பிரம்பே உண்டு. பரம்பரைக் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரம்படி வாங்கியவள் சொன்னால் அதே கதை வேறாக இருக்கும். மீரான் இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்துவிடுகிறார். சில இடங்களில் கதை இழுக்கிறது என்பது என் எண்ணம், ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

அதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். இங்கே வயதானவர்களை நாங்கள் பாபா என்றுதான் கூப்பிடுவோம். ராத்திரி தூக்கம் வராமல் பேசுவார். அந்தக் காலத்தில் மஸ்கட் கோட்டை வாசலை ராத்திரியில் அடைத்துவிடுவார்களாம், அப்புறம் வெளியே நடமாட லாந்தர் கையில் வேண்டுமாம். மகளோடு பேசும்போது மட்டும் அரபி மாறி ஸ்வாஹிலி வரும். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் பிறந்தவர்! 19ஆம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான் சயீத் தலைநகரையே அங்கே மாற்றியிருக்கிறார். 1964 புரட்சியில் அங்கிருந்த சுல்தான் ஆட்சி கவிழ்ந்து, தப்பித்த குடும்பங்களில் பல 1970க்குப் பிறகு இங்கே திரும்பியிருக்கின்றன. தாத்தாவின் கிராம்புத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது பாபாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படியே முஸ்தபாக்கண்ணு. சான்சிபார் கிராம்புத் தோட்டங்களில் அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள் என்பது ஊரறிந்த சரித்திரம். அதை மட்டும் பாபா சொல்லவில்லை. நோயாளியிடம் நான் எப்படிக் கேட்பது? மகளிடம் கேட்டேன். "பாட்டியின் அம்மா அந்தத் தோட்டத்து வேலைக்காரி. அப்பா இதைப் பேசமாட்டார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஃபிளாஸ்கிலிருந்து காவா, அதாவது அரபிக் காப்பி, ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மத்ரா கடற்கரையில் நடந்தால் வெறும் வெள்ளைச் சுவராகத் தெரிவதில்லை. ஓமான் கடற்கரை ஊரான சூர் பக்கம் மரக்கலம் கட்ட நம் மலபார் கரையிலிருந்துதான் தேக்கு வந்திருக்கிறது. குடிவந்த வீட்டில் பழைய ஆள் விட்டுப்போன ஆணியைப் பார்ப்பதுபோல் இப்போது ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் பாக்கி. கடற்கரை முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் மூளும் கலவரம்தான் 'கூனன் தோப்பு'. அப்படி ஏதாவது நம் பக்கம் நடந்ததா என்று அப்பாவிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு மக்களே" என்று பேச்சை மாற்றினார். சரி என்று விட்டுவிட்டேன்.

என் அறைத்தோழி கொல்லத்துக்காரி. தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் மீரானின் தமிழில் மலையாளம் கலந்திருப்பதால் நான் வாசித்தால் மதுரைத் தோழியைவிட வேகமாகப் புரிந்துகொள்வாள். மதுரைக்காரி வரிக்கு வரி நிறுத்துவாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் மூன்று பேரும் உட்கார்ந்து 'கூனன் தோப்பு' வாசிக்கிறோம். விஷயம் தெரிந்ததும் அப்பா, "வாசிக்கும்போது போனை ஸ்பீக்கரில் போடு" என்கிறார்.