வெள்ளைக் கோடு

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவின் நீல நண்டு எப்போது ஓடு கழற்றும் என்பதை அதன் கடைசிக் காலைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். துடுப்பைப் போலத் தட்டையான அந்தக் காலின் ஓரத்தில், பழைய ஓட்டுக்கு அடியில் வளர்ந்துவரும் புதிய ஓடு மெல்லிய கோடாகத் தெரியும். கோடு வெள்ளையாக இருந்தால் இரண்டு வாரம் வரை ஆகலாம். இளஞ்சிவப்பு என்றால் ஏறத்தாழ ஒரு வாரம். நன்றாகச் சிவந்துவிட்டால் ஒன்று முதல் மூன்று நாள். சில ஆண்டுகளுக்கு முன், மேரிலாந்தின் கிறிஸ்ஃபீல்டில் படகேறி, வர்ஜீனியாவைச் சேர்ந்த டாஞ்சியர் தீவுக்குப் போயிருந்தபோது, தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கட்டிய ஒரு கொட்டகையில் முதியவர் ஒருவர் நண்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இதைக் காட்டினார். மூன்று முறை பார்த்தும் வெள்ளைக் கோடு என் கண்ணில் படவில்லை.

அந்தக் கோட்டை வைத்துத்தான் நண்டுகளைத் தொட்டி தொட்டியாகப் பிரிக்கிறார்கள். பிரிக்காமல் விட்டால், ஓடு கழற்றி மெத்தென்று கிடப்பதை மற்றவை தின்றுவிடும். ஓடு கழற்றிய நண்டையும் சில மணி நேரத்துக்குள் தண்ணீரிலிருந்து எடுத்தாக வேண்டும். தாமதித்தால் புதிய ஓடு விறைக்கத் தொடங்கி, மென்னோட்டு நண்டுக்குரிய விலை போய்விடும். ஆகவே பருவம் முழுவதும் இரவிலும் விளக்கோடு எழுந்து தொட்டிகளைப் பார்த்துவர ஓர் ஆள் வேண்டும்.

நண்டு குறைந்ததால் இந்தத் தொழில் நசிந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை என்றே நினைக்கிறேன். 1990 முதல் ஒவ்வொரு குளிர்காலத்திலும், நண்டுகள் சேற்றில் புதைந்து கிடக்கும் காலம் பார்த்து, விரிகுடா முழுவதும் ஏறத்தாழ 1,500 இடங்களில் அடிமண்ணை வாரி எண்ணுகிறார்கள். 2022இல் கிடைத்த மதிப்பீடு 22.7 கோடி, அந்தக் கணக்கெடுப்பின் வரலாற்றிலேயே மிகக் குறைவு. மறு ஆண்டே அது 32.3 கோடியாக ஏறியது. 2025இல் மீண்டும் 23.8 கோடிக்கு இறங்கியது. நண்டு இப்படி ஏறி இறங்கும் உயிர். தொழிலை விட்டுப் போனவர்கள் அந்த ஏற்றத்தோடு திரும்பி வருவதில்லை.

பழைய முறை, முள் இல்லாத ஆயிரங்கால் தூண்டில் போன்றது. நீண்ட கயிற்றில் இடைவெளி விட்டு உப்பிட்ட விலாங்குத் துண்டுகளைக் கட்டி நீரடியில் கிடத்தி, பிறகு படகை மெல்லச் செலுத்தியபடி கயிற்றைத் தூக்குவார்கள்; இரையை விடாமல் பற்றிக்கொண்டே மேலே வரும் நண்டைக் கை வலையால் அள்ளுவார்கள். பெஞ்சமின் லூயிஸ் என்ற வர்ஜீனியாக்காரர் 1928இல் காப்புரிமை பெற்று 1938இல் செம்மைப்படுத்திய கம்பிவலைக் கூண்டு வந்தபின், ஒருவரே நூற்றுக்கணக்கான கூண்டுகளை வைத்துப் பிடிக்க முடிந்தது. வர்ஜீனியாவிலோ குளிர்காலத்தில் சேற்றை வாரிப் பிடிக்கும் வழக்கமும் இருந்தது. அதில் சிக்கியவை பெரும்பாலும் இனச்சேர்க்கை முடிந்து, முட்டையிடுவதற்காக உப்பு மிகுந்த முகத்துவாரப் பகுதிக்கு வந்து படுத்திருந்த பெண் நண்டுகள். 2008இல் அதை நிறுத்தினார்கள். குளிர்கால வருமானத்தை இழந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது; என்றாலும் அந்தத் தடை சரியானதே, சொல்லப்போனால் தாமதமாக வந்தது. ஓடு கழற்றும் நண்டுக்கு மறைவிடமான கடற்புல் 2005 கோடையின் வெப்பத்தில் பரவலாக மடிந்ததும், 1970களில் அங்குள்ள ஆறுகளில் கொண்டுவந்து விடப்பட்ட நீலக் கெளுத்தி இன்று நண்டைத் தின்று பெருகியிருப்பதும் வேறு கதை.

கரையில் நடந்தது இதைவிடப் பெரிது. 1850இல் இருந்த டாஞ்சியரின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. 1930இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் 2020 கணக்கெடுப்பின்படி 436 பேர். அவித்த நண்டிலிருந்து சதை எடுக்கும் மேரிலாந்துக் கூடங்கள் மெக்சிகோவிலிருந்து பருவகால விசாவில் வரும் பெண்களை நம்பியிருக்கின்றன. 2018இல் அந்த விசா குலுக்கல் முறையில் வழங்கப்பட்டபோது சில கூடங்களுக்கு ஆளே கிடைக்கவில்லை. இதற்கிடையில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து டப்பாவில் அடைத்த நண்டுச் சதை குறைந்த விலைக்கு வந்து இறங்குகிறது. அவற்றில் பாக் நீரிணையின் நீலக்கால் நண்டும் உண்டு. அதன் சதையை எடுப்பவர்கள் இராமநாதபுரக் கரையோரப் பெண்கள். இதை அந்தக் கொட்டகையில் சொல்லத் தயங்கினேன். அவரோ எந்த டப்பா எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்.

அவருடைய மகன், அந்தத் தீவின் இளைஞர்கள் பலரையும் போல, கப்பல்களை இழுத்துச் செல்லும் படகில் வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு. வீட்டில் இருக்கும் இரவுகளில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர்தானாம். மகனுக்குக் கோடு பார்க்கத் தெரியுமா என்று கேட்டேன். சிவப்புத் தெரியும், இளஞ்சிவப்பும் ஓரளவு தெரியும் என்றார் முதியவர். பிறகு கையிலிருந்த நண்டை வெள்ளைக் கோட்டுக்காரர்களின் தொட்டியில் விட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தார்.